நான் டிக் அடித்த கட்டம்

எங்கள் மாலை வகுப்பு ஆசிரியர் தினமும் பத்து வரி எழுதச் சொல்வார். காலையில் எழுந்ததிலிருந்து நடந்ததை நடந்த வரிசையில், ஆங்கிலத்தில் எழுத வேண்டும். ஒன்றரை வருடமாக நான் ஒரு நாள்கூட விட்டதில்லை. லங்காவியில் இருந்த அந்தப் புதன்கிழமையை மட்டும் எழுதவில்லை. தேதி போட்ட பக்கம் நோட்டில் காலியாகவே இருக்கிறது. ஐந்து வாரம் கழித்து இப்போது தமிழில் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எழுதினால் வேறு யாருக்கோ நடந்ததுபோல ஆகிவிடுமோ என்று சந்தேகமாக இருக்கிறது.

பகலில் நான் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறேன். வாரத்தில் மூன்று மாலை காளவாசலில் ஒரு மாடியில் நடக்கும் இங்கிலீஷ் வகுப்புக்குப் போகிறேன். வீடு கோரிப்பாளையத்தில். கீழே அம்மா லத்தீபா, மாடியில் நானும் என் மனைவி சுஃபியாவும். கல்யாணமாகி நான்கு வருடம். குழந்தை இல்லை. இரண்டு பேரையும் பரிசோதித்த டாக்டர், குறை எதுவும் இல்லை, பொறுமையாக இருங்கள் என்றார். பொறுமையாக இருப்பது சுஃபியாவின் வேலையாகிவிட்டது.

அம்மா கெட்டவர் இல்லை. ஆனால் நாள் எண்ணுவார். மாதத்தில் பாதி நாள் சுஃபியா தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது, ஸ்கூட்டர் ஓட்டக் கூடாது, படியில் ஓடி ஏறக் கூடாது, பப்பாளி, அன்னாசி பக்கமே போகக் கூடாது. கேட்டால், "ஒருவேளை இருந்தா?" என்பார். சுஃபியா அந்த நாட்களுக்கு ‘ஒருவேளை வாரம்’ என்று பெயர் வைத்திருந்தாள். "இன்னைக்கு ஒருவேளை வாரம் ஆரம்பிச்சிருச்சு, குடத்த நீங்க தூக்குங்க" என்பாள் சிரித்துக்கொண்டே. மாதம் முடிந்ததும் ஒரு நாள் முழுக்கப் பேச மாட்டாள். நானும் பேச மாட்டேன். எனக்கு என்ன பேசுவதென்று தெரியாது.

மலேசியா போவது அவள் யோசனை. லங்காவியில் இரண்டு மலைக்கு நடுவே கம்பி கட்டி, இடுப்பில் பட்டை மாட்டி, காட்டுக்கு மேலே வழுக்கி விடுகிறார்கள். ஜிப்லைன் என்று பெயர். அந்த வீடியோவை அவள் போனில் வைத்துக்கொண்டு சோறு வடிக்கும்போதுகூடப் பார்த்தாள். டிக்கெட்டுக்கு நாள் குறித்தவளும் அவள்தான். தலைக்குக் குளித்து நான்காவது நாள் லங்காவியில் இருப்பது மாதிரிக் கணக்குப் பண்ணினாள். யாரும் "ஒருவேளை" என்று சொல்ல முடியாத நாள் அது.

ஒரு விஷயத்தை நான் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. எனக்கு உயரம் என்றால் பயம். எங்கள் வீட்டு மொட்டை மாடியில்கூட நான் கைப்பிடிச் சுவர் ஓரம் போக மாட்டேன். வெயில், கொசு என்று ஏதாவது சொல்லி நடுவிலேயே நிற்பேன். நான்கு வருடம் அப்படியே ஓட்டிவிட்டேன்.

புதன்கிழமை காலை எட்டே காலுக்கு அந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். சுஃபியா புதிதாக வாங்கிய ஷூ போட்டிருந்தாள். தலைத்துணியைக் காற்றில் பறக்காதபடி நான்கு பின் குத்தி இறுக்கியிருந்தாள். கவுண்டரில் ஒரு மலாய்ப் பெண் இரண்டு படிவங்களை என்னிடம் கொடுத்தார். எங்கள் இரண்டு பேரில் இங்கிலீஷ் படிப்பவன் நான். விமான நிலையத்திலிருந்து எல்லாப் படிவங்களையும் நான்தான் நிரப்பி வந்தேன். சுஃபியா அதைப் பெருமையாகப் பார்ப்பாள். அன்றைக்கு அவள் படிவத்தைப் பார்க்கவில்லை. மேலே கம்பியைப் பார்க்கப் போய்விட்டாள்.

நானும் பார்த்தேன். ஒரு சீனப் பெண் அலறிக்கொண்டே மரங்களுக்கு மேலே போனாள். அவளுக்குக் கீழே பள்ளம் ஆழமாக, பச்சையாகக் கிடந்தது. என் உள்ளங்கால் கூசியது. பேனா வழுக்கியது.

படிவத்தில் கட்டங்கள் இருந்தன. இதயக் கோளாறு. முதுகு வலி. அண்மையில் அறுவை சிகிச்சை. கர்ப்பம். நான் என் படிவத்தில் எதையும் அடிக்கவில்லை. எனக்கு முதுகு வலி என்று அடித்திருக்கலாம். அடித்தால் என்னை உட்கார வைத்துவிட்டு அவளை அனுப்பிவிடுவார்கள். அவள் பறப்பாள், நான் கீழே பெஞ்சில் பைகளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கோரிப்பாளையத்துக்கு வந்து அதை எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள். இவ்வளவையும் நான் நிதானமாக யோசித்தேன். பதற்றத்தில் செய்துவிட்டேன் என்று சொல்ல முடியாது. அவளுடைய படிவத்தில் நான்காவது கட்டத்தில் டிக் அடித்தேன்.

கவுண்டர் பெண் அதைப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்து வாழ்த்துச் சொன்னார். மனைவி போக முடியாது, நீங்கள் போகலாம் என்றார். அவளைத் தனியாக விட மாட்டேன் என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன். பிழையில்லாத வாக்கியம். அவர் நெஞ்சில் கை வைத்து, எவ்வளவு நல்ல கணவர் என்றார்.

சுஃபியாவிடம் எடை போதவில்லை என்று சொன்னேன்.

"எம்புட்டு இருக்கணுமாம்?"

"அம்பது கிலோ."

"நான் நாப்பத்தேழு. மூணு கிலோதானே?"

நான் சிரித்துச் சமாளித்தேன். அவள் சிரிக்கவில்லை. கடைக்குப் போய் மூன்று தண்ணீர் பாட்டில் வாங்கி வந்தாள். பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் குடித்தாள். மூன்றாவது பாட்டில் பாதியில் கண்ணில் நீர் வந்துவிட்டது. மூச்சு வாங்கிவிட்டு மிச்சத்தையும் குடித்தாள். கவுண்டர் பெண் அங்கிருந்து பார்த்துவிட்டு, இந்த நேரத்தில் நிறையத் தண்ணீர் குடிப்பது நல்லது என்று ஆங்கிலத்தில் சொல்லிக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். சுஃபியா அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டு என் கைப்பையையும் தன் தோளில் மாட்டிக்கொண்டு எடை இயந்திரத்தைத் தேடினாள். அங்கே இயந்திரமே இல்லை. நான் அவளுடைய தோளைப் பிடித்துத் திருப்பி, வா, விதிமுறையாம் என்றேன். அவளுக்கு வயிறு உப்பி நடக்க முடியவில்லை. கழிப்பறைக்கு மூன்று தடவை போய் வந்தாள்.

இந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நோட்டில் அந்தப் பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் அந்த மூன்று பாட்டில்தான் நினைவுக்கு வருகிறது.

கம்பிக்குப் பதிலாக எங்களை அலையாத்திக் காட்டுக்குள் படகில் அனுப்பினார்கள். படகோட்டி வயதான மலாய்க்காரர். அவரிடமும் விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். முன் இருக்கையில் இரண்டு மெத்தை போட்டு சுஃபியாவை உட்கார வைத்தார். இளநீர் வெட்டிக் கொடுத்தார். மற்ற படகுகள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போயின. எங்கள் படகு மெதுவாகப் போனது.

"எல்லாப் படகும் பறக்குது. நம்மது மட்டும் ஏன் கட்டை வண்டி மாதிரிப் போகுது?"

இங்கே பெண்கள் என்றால் இப்படித்தான் மரியாதை கொடுப்பார்கள் என்றேன். அவள் படகோட்டியைத் திரும்பிப் பார்த்தாள். அவர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். அவளும் சிரித்தாள். பிறகு கழுகுகளைப் பார்த்தாள், குரங்குகளைப் பார்த்தாள். கொஞ்சம் கொஞ்சமாக முகம் தெளிந்தது. எனக்கும் தைரியம் வந்தது. தப்பித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

மதியம் படகோட்டியே எங்களை ஒரு நாசி கண்டார் கடைக்குக் கூட்டிப் போனார். தட்டில் சோற்றை வைத்து, நாம் கையைக் காட்டும் குழம்பையெல்லாம் மேலே ஊற்றித் தருவார்கள். கடைக்காரரிடம் மலாயில் ஏதோ சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். கடைக்காரர் எங்களைப் பார்த்துத் தமிழில், "எந்த ஊரு தம்பி?" என்றார். மதுரை என்றதும் எந்தப் பக்கம் என்றார். கோரிப்பாளையம் என்றதும் கல்லாவை விட்டு எழுந்து வந்துவிட்டார். அவர் பெயர் சேக் இஸ்மாயில். வீடு எங்கள் தெருவிலிருந்து மூன்றாவது தெரு. பெண்டாட்டி, பிள்ளைகள் அங்கேதான் இருக்கிறார்கள். அவருக்குக் கண்ணாடி போட்டுக் கொடுத்தது எங்கள் கடைதான் என்று கழற்றிக் காட்டினார்.

சுஃபியா தட்டில் மீன் குழம்பு, கத்தரிக்காய், ஒரு கரண்டி அன்னாசிக் கறி எல்லாம் வாங்கியிருந்தாள். அன்னாசியை அவள் ஆசையாக ஓரத்தில் ஒதுக்கிவைத்தாள். கடைசியில் சாப்பிடுவதற்காக. சேக் இஸ்மாயில் ஒரு கரண்டியோடு வந்து, ஒரு வார்த்தை கேட்காமல், அந்த அன்னாசித் துண்டுகளை மட்டும் அள்ளி எடுத்தார்.

"புள்ளத்தாச்சிக்கு அன்னாசி ஆகாதும்மா. இந்த ஊர்க்காரங்களுக்கு அதெல்லாம் தெரியாது. நான் உனக்குக் கோழி வறுத்துக் கொண்டாரச் சொல்றேன்."

சுஃபியா தட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டு வந்தாள். எனக்குத் தெரிந்தது. கட்டைவிரல், மெத்தை, இளநீர், மெதுவாகப் போன படகு. நான் தட்டில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் ஒரு வார்த்தை சொன்னால் அந்தக் கடையில், எங்கள் ஊர்க்காரர் முன்னால், என் கதை முடிந்தது.

அவள் சேக் இஸ்மாயிலைப் பார்த்து, "சரிங்கண்ணே" என்றாள்.

அவர் துஆ செய்தார். அல்லாஹ் சுகமாக்கித் தரட்டும் என்றார். அவள் ஆமீன் சொன்னாள். வறுத்த கோழி வந்தது. முழுவதையும் சாப்பிட்டாள். என் முகத்தைக் காப்பாற்ற அவள் அந்தக் கோழியைச் சாப்பிட்டாள் என்றுதான் நினைக்கிறேன். பசியாகவும் இருந்திருக்கலாம். நான் எதையும் உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

கடற்கரையில் நடந்தபோதுதான் ஏன் என்று கேட்டாள். எனக்கு உயரம் பயம் என்று சொன்னேன். கைப்பிடிச் சுவர் பற்றியும் படிவத்துக் கட்டங்கள் பற்றியும் சொன்னேன். அவள் நின்றுவிட்டாள்.

"பயமா இருக்குன்னு சொல்லியிருந்தா நான் மட்டும் போயிருப்பேனே. நீங்க கீழ நின்னு கையாட்டியிருந்தா போதுமே."

நான் தலைகுனிந்து நின்றேன்.

"அத்தனை கட்டம் இருந்துச்சுல்ல. அதுல இதுதான் கெடச்சுச்சா உங்களுக்கு?"

அவள் முன்னால் நடந்தாள். நான் பின்னாலேயே போனேன்.

சாயங்காலம் ஓட்டலுக்கு வந்து வைஃபை பிடித்ததும் என் போனில் அம்மாவிடமிருந்து ஏழு குரல் செய்திகள். சேக் இஸ்மாயில் மதியமே வீட்டுக்குப் பேசியிருக்கிறார். அவர் மனைவி அம்மாவைத் தேடி வந்து இனிப்புக் கேட்டிருக்கிறார். முதல் செய்தியில் அம்மா அழுதார். இரண்டாவதில் என்னைத் திட்டினார், தாயிடம் சொல்லாமல் ஊரானிடம் சொல்வாயா என்று. மூன்றாவதில் தர்காவுக்குப் போய் ஃபாத்திஹா ஓதிவிட்டு வந்ததைச் சொன்னார். ஆறாவதில் சுஃபியாவுக்கு மட்டும் ஒரு செய்தி. "ராஜாத்தி, என்னைய மன்னிச்சுரு. இம்புட்டு நாளா ஒன்னை அதச் செய்யாத இதச் செய்யாதன்னு படுத்திட்டேன்." சுஃபியா அதை இரண்டு தடவை கேட்டாள். பிறகு போனை என் கையில் கொடுத்துவிட்டு, நீங்களே சொல்லுங்க என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். போனில் சொல்லும் விஷயமா, வீட்டுக்குப் போய் நேரில் சொல்கிறேன் என்றேன். அது ஒத்திப்போடுவது என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை திருச்சியில் இறங்கி பஸ் ஏறினோம். இனி எழுதப்போவதை எழுதாமல் விடலாமா என்று நிறைய யோசித்தேன். விராலிமலை தாண்டியதும் நான் அவளிடம், கலைந்துவிட்டது என்று சொல்லிவிடலாமா என்று கேட்டேன். பயணத்தில் அலைச்சல், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், ஒரு வாரத்தில் மறந்துவிடுவார்கள் என்றேன். மூன்று காரணமும் வரிசையாக வந்தன. நான் எப்போதும் அப்படித்தான், வரிசையாகச் சொல்வேன்.

அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். மேலூரில் பஸ் நின்றபோது, என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"கலைஞ்சிருச்சுன்னா, நான்தான் தொலைச்சேன்னு ஆகும். இல்லாத புள்ளைய நான் தொலைக்கணுமா?"

பஸ் கிளம்பியது. அதற்கப்புறம் நான் எந்தக் காரணமும் சொல்லவில்லை.

வீட்டு வாசலில் அம்மாவும் அக்கா ஷாஹீதாவும் நின்றார்கள். அக்கா நாகமலை புதுக்கோட்டையிலிருந்து விடிந்ததுமே வந்துவிட்டாளாம். நெய்ச்சோறு வாசம் தெரு வரைக்கும் வந்தது. எங்கள் கட்டிலை மாடியிலிருந்து இறக்கிக் கீழ் அறையில் போட்டிருந்தார்கள், சுஃபியா படி ஏற வேண்டாம் என்று. அம்மா அவளுடைய கன்னத்தை இரண்டு கையாலும் வழித்து நெற்றியில் முத்தம் வைத்தார். அவள் கையிலிருந்த பையைப் பிடுங்கிக்கொண்டார். சுஃபியா அசையாமல் நின்றாள்.

நான் வரும் வழியில் நான்கு வாக்கியம் தயார் பண்ணி வைத்திருந்தேன். ஒன்றுகூட வரவில்லை.

"அம்மா, புள்ள இல்லம்மா. நான் பொய் சொன்னேன்."

அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. போய்விட்டதா என்று கேட்டார். போகவில்லை, இருக்கவே இல்லை என்றேன். கம்பியைப் பற்றியும் பயத்தைப் பற்றியும் படிவத்தைப் பற்றியும் சொன்னேன். நின்றபடியே சொன்னேன். சேக் இஸ்மாயிலிடம் மறுக்காமல் இருந்ததையும் சொன்னேன். பஸ்ஸில் கேட்டதை மட்டும் சொல்லவில்லை. அதை இங்கேதான் முதல் தடவையாக வெளியே விடுகிறேன்.

அக்காதான் முதலில் வாயைத் திறந்தாள். "கம்பியில தொங்கப் பயந்துக்கிட்டா பொண்டாட்டிய மாசமாக்கின?" என்று கேட்டுவிட்டு, அடக்க முடியாமல் சிரித்தாள். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். இந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் நான் அந்தக் கட்டத்தை அடித்தேன். அது அரை நிமிடம்கூட இருக்கவில்லை.

அம்மா சுஃபியாவிடம் திரும்பினார். "நீயாச்சும் சொல்லியிருக்கலாமே. அம்புட்டு வாய்ஸ் போட்டேன், ஒரு வார்த்த சொல்லலயே."

அவளை எதுவும் கேட்காதீர்கள் என்றேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அம்மா உள்ளே போனார். அடுப்பை அணைத்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நான் பதினோரு வீட்டுல சொல்லியிருக்கேன். அல்லாஹ் குடுத்துட்டான்னு சொல்லியிருக்கேன். இப்ப நான் போய் இல்லன்னு சொல்ல மாட்டேன். நீ போ. ஒவ்வொரு வீடா போ. உன் வாயால சொல்லிட்டு வா."

பதினோரு வீட்டையும் கேட்டு ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டேன். அஸர் தொழுகை முடிந்ததும் கிளம்பினேன். முதல் வீடு சேக் இஸ்மாயிலின் வீடு. அவர் மனைவி ரோஸ்மில்க் கலக்கிக்கொண்டு வந்து வைத்த பிறகுதான் சொன்னேன். அவர் கதவுப்பக்கம் பார்த்துக்கொண்டு, எங்க வீட்டுக்காரர்கிட்ட நீங்களே பேசிருங்க என்றார். போனில் சேக் இஸ்மாயிலிடமும் சொன்னேன். "அப்ப அந்தப் புள்ள தட்டுல இருந்த அன்னாசிய நான் எடுத்துட்டேனே மாப்ள" என்றார். கோபமாகத் திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

ஒரு வீட்டில் பாதி கேட்டதுமே கதவைச் சாத்தினார்கள். ஒரு வீட்டில் பெரியவர் ஒருவர் ராட்டினம் ஏறவாவது பயமில்லையே என்று கேட்டார். ஒரு வீட்டில் நான் சொன்னதை நம்பவே இல்லை. கலைந்ததை மறைக்கத்தான் இப்படிச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, சுஃபியாவுக்குக் கருப்பட்டியும் உளுந்தும் கொடுக்கச் சொன்னார்கள். அந்த வீட்டில் மட்டும் மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. மூன்றாவது தடவை சத்தமாக, ஒவ்வொரு வார்த்தையாக, எனக்குப் பயம், அவளுக்கு ஒன்றுமில்லை என்று சொன்னேன்.

பொழுது சாயும் நேரம், மஃரிப் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் வீட்டுக்கு வந்தேன். கட்டில் மறுபடியும் மாடிக்குப் போயிருந்தது. அக்காவும் சுஃபியாவும் தூக்கியிருக்கிறார்கள். சுஃபியா மெத்தை விரித்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே எத்தனை வீடு முடிந்தது என்று கேட்டாள். ஒன்பது என்றேன். மிச்சம் எது என்றாள்.

"ஒண்ணு பூட்டியிருந்துச்சு. இன்னொண்ணு உங்க அம்மா வீடு. நாளைக்குப் போறேன்."

அவள் தலையணை உறையை மாட்டி முடித்தாள்.

"எங்கம்மாகிட்டதான் மொதல்ல போயிருக்கணும். மூணு நாளா சந்தோஷத்துல தூங்காம இருக்கு. இப்பவே போங்க."

சட்டையை மாற்றிக்கொண்டு இறங்கினேன். பைக்கை எடுக்கும்போது அவளும் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள்.

"நானும் வாரேன். ஆனா ஒரு வார்த்த பேச மாட்டேன்."

அவளுடைய அம்மா வீடு காளவாசல் தாண்டி உள்ளே. பாலத்தில் நெரிசல். நான் வழக்கத்தைவிட மெதுவாக ஓட்டினேன் என்று நினைக்கிறேன். ஆற்றைத் தாண்டியதும் சுஃபியா பின்னாலிருந்து என் முதுகில் ஒரு விரலால் குத்தினாள்.

"கொஞ்சம் வேகமாத்தான் போங்களேன்."

வேகமாகப் போனேன். காளவாசல் சிக்னலில் மட்டும் நின்றோம். அவள் என்னைப் பிடித்துக்கொள்ளவில்லை. பின்னால் இருந்த கம்பியைப் பிடித்திருந்தாள்.

கதவைத் தட்டியதும் என் மாமியார் திறந்தார். அவர் பார்வை சுஃபியாவின் முகத்துக்கு வருவதற்கு முன் அவளுடைய வயிற்றுக்குப் போனது. வாயெல்லாம் சிரிப்பாக, உள்ள வாங்க உள்ள வாங்க என்றார். சுஃபியா ஒரு பக்கம் ஒதுங்கி எனக்கு வழிவிட்டாள். நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலில் நின்றே சொல்லிவிட்டேன்.